கடினமான தத்துவவாதிகள்: விஷயம் இருக்கிறதா, வெறும் ஜல்லியா?

கேள்வி இதுதான்: ஹைடெக்கர், ஹெகல் என்ற ஜெர்மன் தத்துவவாதிகள், லக்கான் என்ற பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் மாதிரி ஆட்களைப் பக்கம் பக்கமாகப் படித்தும் பிடிபடவில்லை. இவர்கள் நிஜமாகவே எதையோ கண்டு சொல்கிறார்களா, இல்லை தாங்களும் ஏமாந்து படிக்கிறவர்களையும் ஏமாற்றுகிறார்களா? துறைக்கு வெளியே நிற்கும் ஒருவர் இதை எப்படித்தான் தீர்மானிப்பது?

"ஹைடெக்கர் மேதையா போலியா" என்று ஆளை வைத்துக் கேட்டால் பதில் வராது, கட்சி கட்டுவதில்தான் போய் முடியும். ஒரே ஆள் ஒரு அத்தியாயத்தில் யாரும் கவனிக்காத ஒன்றைச் சரியாகப் பிடித்திருப்பார். அடுத்த அத்தியாயத்தில் அதே குரலில், அதே கம்பீரத்தோடு வெறுங்கையால் முழம் போட்டுக்கொண்டிருப்பார். ஆகவே எடைபோட வேண்டியது ஆளை அல்ல, அவர் சொல்லும் தனித்தனிக் கருத்துகளை. சரி, எல்லாக் கருத்தையும் நம்மால் சோதிக்க முடியுமா என்றால் முடியாது. ஆனால் எவ்வளவு பூடகமாக எழுதுகிறவரும் எங்காவது ஓரிடத்தில் நமக்குத் தெரிந்த தரையில் கால் வைத்தே ஆகவேண்டும்: ஓர் அன்றாட அனுபவம், ஒரு கணிதக் குறி, ஒரு வரலாற்றுச் செய்தி, இன்னொருவர் எழுதிய நூல். அங்கே அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். அங்கே நாணயமாக இருப்பவருக்கு, புரியாத இடங்களில் கொஞ்சம் கடன் கொடுக்கலாம். அங்கேயே கணக்குத் தப்பாக இருந்தால் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான்.

ஹைடெக்கரையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இரண்டு வகைச் சரக்கும் அவரிடம் ஏராளமாகக் கிடைக்கும். 1927ல் வந்த 'இருத்தலும் காலமும்' நூலில் 15, 16ஆம் பிரிவுகளில் ஒரு சுத்தியல் வருகிறது. தச்சர் ஆணி அடிக்கும்போது சுத்தியல் அவருக்கு ஒரு பொருளாகத் தெரிவதே இல்லை. எடை இவ்வளவு, நீளம் இவ்வளவு, இரும்பும் மரமும் சேர்ந்தது என்றெல்லாம் அவர் மனதில் ஓடாது. கவனம் முழுக்கச் செய்துமுடிக்க வேண்டிய வேலையில் இருக்கும். சுத்தியலின் தலை கழன்றாலோ, கைக்கு ஒத்துவராமல் கனத்தாலோ அப்போதுதான் அது தனியான ஒரு பொருளாக முன்னால் வந்து நிற்கும். பைக் ஓட்டுகிற யாருக்கும் இது தெரியும், கிளட்ச் கேபிள் அறுந்த அன்றுதான் கிளட்ச் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவவாதி தெகார்த் காலத்திலிருந்து ஐரோப்பியத் தத்துவத்தில் ஊறிப்போன ஓர் எண்ணம் உண்டு: மனிதன் முதலில் ஒரு பார்வையாளன், உலகத்தைப் பார்த்து மனதுக்குள் ஒரு படம் வரைந்துகொள்கிறான், பிறகு அந்தப் படத்தை வைத்துக்கொண்டு செயலில் இறங்குகிறான் என்று. ஹைடெக்கர் இதைத் தலைகீழாகப் போடுகிறார். புழங்குவதுதான் முதல்; விலகி நின்று பார்ப்பது பிற்பாடு வருவது, அதுவும் பெரும்பாலும் எங்கோ ஏதோ தடைபட்ட பிறகு.

கவனித்தீர்களா, மேலே உள்ள பத்தியில் அவருடைய கலைச்சொல் ஒன்றுகூட வரவில்லை. அதையெல்லாம் கழற்றிவிட்ட பிறகும் கையில் ஒன்று மிஞ்சுகிறது, அந்த ஒன்று சரியா தப்பா என்று சண்டை போடவும் முடிகிறது. இன்னொரு விஷயம், இதே இடத்துக்கு வேறு வழியாகவும் ஆட்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கில்பர்ட் ரைல், 'இருத்தலும் காலமும்' நூலுக்கு 1929ல் மரியாதையும் சந்தேகமும் கலந்த ஒரு மதிப்புரை எழுதியவர், 1949ல் தன் சொந்த நூலில் ஒரு வேலையைச் செய்யத் தெரிவது வேறு, அதைப் பற்றிய தகவல்கள் தெரிவது வேறு என்று பளிங்கு மாதிரித் தெளிவான நடையில் வாதாடினார். வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலான்யி, சொல்லில் அடங்காத அறிவைப் பற்றி 1950களில் எழுதினார். மூன்று பேரும் ஒன்றையே சொல்லவில்லைதான், ஆனாலும் அவர்கள் நோண்டுவது ஒரே நிலம். ஒரு கருத்து அதைச் சொன்னவரின் நடைக்கு வெளியேயும் உயிரோடு இருக்கிறது என்றால் அது வெறும் நடையின் வித்தை அல்ல.

ஆனால் எனக்கு இதைவிட வலுவான சாட்சி ஹ்யூபர்ட் ட்ரைஃபஸ். 1960களில் எம்.ஐ.டி.யில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். அதே வளாகத்தில் செயற்கை நுண்ணறிவுக்காரர்கள், அறிவு என்பது குறியீடுகளை விதிப்படி கையாளுவதுதான், உலகத்தைப் பற்றிய தகவல்களையும் விதிகளையும் போதுமான அளவு எழுதிக் கணினிக்குள் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 1957ல் அவர்களுடைய முன்னோடிகளில் ஒருவரான ஹெர்பர்ட் சைமன் பத்து வருடத்துக்குள் கணினி உலக சதுரங்க சாம்பியன் ஆகிவிடும் என்று சொல்லியிருந்தார். ட்ரைஃபஸ் 1965ல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையிலும் 1972ல் வெளியிட்ட நூலிலும், ஹைடெக்கரையும் பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போந்தியையும் கையில் வைத்துக்கொண்டு, இது நடக்காது என்றார். அன்றாட விவரம் என்பது தகவல் பட்டியலாக நம் தலைக்குள் இல்லை. எந்தத் தகவல் இப்போது பொருந்தும் என்று சொல்ல இன்னொரு விதி வேண்டும், அந்த விதி எப்போது பொருந்தும் என்று சொல்ல மற்றொன்று வேண்டும், இதற்கு முடிவே கிடையாது என்பது அவர் வாதம். சிரித்தார்கள். 1967ல் மேக்ஹேக் என்ற சதுரங்க நிரலிடம் அவரே தோற்றுப்போனபோது இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள். ஆனால் அவர் கைகாட்டிய இடத்தில்தான் வண்டி நின்றது. பொது அறிவை ஒவ்வொன்றாக எழுதிக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க 1984ல் டக்ளஸ் லெனாட் தொடங்கிய சைக் திட்டம் பத்தாண்டுக் கணக்கில் ஓடியும் எதிர்பார்த்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பழைய முகாமின் நட்சத்திரங்களில் ஒருவரான டெர்ரி வினோகிராட் கட்சி மாறி, ஸ்டான்ஃபோர்டில் கணினி மாணவர்களுக்கு ஹைடெக்கரைப் பாடமாக வைத்தார். 1986ல் ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸுடன் சேர்ந்து அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

ட்ரைஃபஸ் எல்லாவற்றிலும் ஜெயித்தார் என்று சொல்லவில்லை. சதுரங்கத்தைப் பற்றிய அவருடைய அவநம்பிக்கை, கடைசியில் 1997ல் டீப் புளூ என்ற கணினி உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றபோது முழுக்கக் காலாவதி ஆனது. சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகளை வைத்து அவர் சரியா தப்பா என்ற சண்டை இன்னும் நடக்கிறது: யாரும் விதிகளை உட்கார்ந்து எழுதி இவற்றைச் செய்யவில்லை என்பது அவர் பக்கம் பேசுகிறது, உடம்போ புழக்கமோ இல்லாமலே இவை இவ்வளவு தூரம் வந்திருப்பது எதிர்ப்பக்கம் பேசுகிறது. எனக்கு முக்கியம் இந்தச் சண்டை நடக்க முடிகிறது என்பதுதான். தோற்கக்கூடிய ஒரு கருத்தை ஹைடெக்கரிடமிருந்து உருவி எடுக்க முடிந்திருக்கிறது. வெறும் ஜல்லியிலிருந்து அப்படி எதையும் உருவ முடியாது, ஏனென்றால் அதற்குத் தோற்கவே தெரியாது.

இப்போது அடுத்த பக்கம். 1929ல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பதவியேற்றபோது ஆற்றிய உரையில் அதே ஹைடெக்கர் 'இன்மை இன்மையாக்குகிறது' என்ற ரீதியில் ஒரு வாக்கியம் சொன்னார். தர்க்கத்தையும் அறிவியலையும் அளவுகோலாகக் கொண்ட வியன்னா வட்டம் என்ற தத்துவக் குழுவைச் சேர்ந்த ருடால்ஃப் கார்னாப் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு 1930களின் தொடக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார், இன்றுவரை இந்த வகை விமர்சனத்துக்கு அதுதான் முன்மாதிரி. 'வெளியே ஒன்றும் இல்லை' என்பதில் வரும் 'ஒன்றும் இல்லை' ஏதோ ஒரு பொருளின் பெயர் அல்ல. அதைப் பெயராக்கி, எழுவாயில் உட்கார வைத்து, அதற்கு ஒரு வினையையும் கொடுத்தால் இலக்கணம் ஒத்துக்கொள்ளும், தர்க்கம் ஒத்துக்கொள்ளாது. இது நியாயமான அடி. ஆனால் அதே 1929 டிசம்பரில் விட்கென்ஸ்டைன், அதுவும் வியன்னா வட்டத்துக்காரர்களின் அபிமான விட்கென்ஸ்டைன், இருத்தல் பற்றியும் பதற்றம் பற்றியும் ஹைடெக்கர் என்ன சொல்ல வருகிறார் என்று தன்னால் யூகிக்க முடிகிறது என்று அவர்களிடமே சொல்லியிருக்கிறார்.

யார் சரி? இரண்டு பேரும்தான் என்று நினைக்கிறேன். நழுவுவதற்காக இப்படிச் சொல்லவில்லை. அந்த உரையில் பதற்றத்தைப் பற்றிய ஒரு விவரிப்பு இருக்கிறது: பயம் என்றால் ஏதோ ஒன்றைக் கண்டு பயப்படுகிறோம், நாயோ கடனோ நோயோ, பதற்றத்தில் அப்படி எதையும் சுட்டிக்காட்ட முடியாது, மொத்த உலகமுமே பிடி நழுவிப்போகிற மாதிரி இருக்கும், அது கடந்த பிறகு கேட்டால் 'ஒன்றுமில்லை' என்போம். இது தெரிந்த தரை, இங்கே அவர் கூர்மையாகவே பார்க்கிறார். அந்த விவரிப்பிலிருந்து 'இன்மை' என்ற ஒன்று எங்கோ இருந்துகொண்டு ஏதோ செய்கிறது என்று தாவும்போது தரை காணாமல் போகிறது. கண்டது விவரிப்பில் இருக்கிறது, வாக்கியம் மேல்பூச்சு. பிரச்சினை என்னவென்றால், பரவுவது மேல்பூச்சுதான். சீடர்கள் மேற்கோள் காட்டுவதும் எதிரிகள் கிண்டல் செய்வதும் அதையேதான்.

மேல்பூச்சு என்று சிரித்துவிட்டுப் போக முடியாத இடமும் உண்டு. 1933ல் ஹைடெக்கர் பல்கலைக்கழகத்தின் தலைவரானார், மே மாதம் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், 1945 வரை உறுப்பினராகவே இருந்தார். போருக்குப் பிறகு 1949ல் பிரேமன் நகரில் தொழில்நுட்பம் பற்றிப் பேசியபோது, இயந்திரமயமான விவசாயமும் விஷவாயு அறைகளில் பிணங்களை உற்பத்தி செய்ததும் சாராம்சத்தில் ஒன்றே என்று சொன்னார். 1950களில் அச்சான கட்டுரை வடிவத்தில் விவசாயம் இருக்கிறது, அந்த ஒப்பீடு இல்லை. நவீனத் தொழில்நுட்பம் எல்லாவற்றையும் வெறும் கையிருப்பாகப் பார்க்க வைக்கிறது என்ற அவருடைய கருத்தில் யோசிக்க விஷயம் உண்டுதான். ஆனால் சாதாரண மனிதன் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லிவிடும் ஒரு வித்தியாசம், கொன்றது யார், செத்தது யார், டிராக்டர் ஓட்டியது யார் என்ற வித்தியாசம், ஒரு தத்துவத்தின் ஆழத்தில் போய் மறைந்துவிடுகிறது என்றால் அந்த ஆழத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதோடு, அப்படி மறைவது யாருக்கு வசதி என்றும் கேட்க வேண்டும். இங்கே அது பேசுகிறவருக்கே வசதியாக இருந்தது. சுய ஏமாற்று என்ற சொல்லை நான் இந்த இடத்துக்குத்தான் வைத்துக்கொள்வேன், புரியாத வாக்கியங்களுக்கு அல்ல.

லக்கான் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவர் கால் வைத்த தரை கணிதம், அங்கே சோதிப்பது சுலபம். ஆணுறுப்பை மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தோடு சமன்படுத்தி அவர் எழுதியது ஊரறிந்த கதை. 1997ல் இயற்பியலாளர்கள் ஆலன் சோக்கலும் ஜான் பிரிக்மோனும் எழுதிய நூலில் இப்படிப்பட்ட இடங்களை வரிசையாக எடுத்துப் போட்டார்கள். உருவகம்தானே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. உருவகம் என்றால் எதை எதற்கு இணையாக வைக்கிறார், அந்த இணையால் எது விளங்குகிறது என்று சொல்ல வேண்டும், யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. அவருடைய மருத்துவ அனுபவத்தில் ஏதாவது இருக்கலாம், ஆனால் என் கடன் அங்கே முடிந்தது. அதே சோக்கல் 1996ல் வேண்டுமென்றே அபத்தமாக ஒரு கட்டுரை எழுதி 'சோஷியல் டெக்ஸ்ட்' என்ற பண்பாட்டு ஆய்விதழில் வெளிவரச் செய்தார் அல்லவா, அதை வைத்துப் பின்நவீனத்துவம் முழுக்கப் போலி என்று நிரூபணமாகிவிட்டது என்பார்கள். அந்த இதழின் ஆசிரியர்கள் இயற்பியல் தெரிந்த யாரிடமும் கட்டுரையைக் காட்டவில்லை என்பதுதான் நிரூபணமானது. பின்நவீனத்துவத்தோடு சேர்த்துப் பேசப்படும் தெரிதாவின் நூல் எதையும் பற்றி அது எதையும் நிரூபிக்கவில்லை.

எதிர்த்தரப்பும் ஏமாறும் என்பதற்கு ஹெகல் நல்ல உதாரணம். கிரகங்கள் ஏழுதான் என்று ஹெகல் தர்க்கத்தாலேயே நிரூபித்தார், அவர் நிரூபித்த அதே 1801ல் வானியலாளர்கள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சீரிஸ் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்து அவர் முகத்தில் கரி பூசினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. சிரிக்க நல்ல கதைதான். ஆனால் 1801ல் அவர் எழுதிய அந்த ஆய்வேட்டில், கோள்களின் தூரத்தை ஓர் எண்வரிசையில் அடக்கும் முயற்சிகளைக் கேள்வி கேட்டுவிட்டு, பிளேட்டோவின் நூலில் வரும் வேறொரு வரிசையை எடுத்துக்கொண்டால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கோளைத் தேட வேண்டிய அவசியம் இருக்காது என்றுதான் சொல்கிறார். அதுவும் அசட்டுத்தனம்தான், நியூட்டனைப் பற்றி அதே ஏட்டில் எழுதியது அதைவிட மோசம். ஆனாலும் ஏழு கோள்களின் நிரூபணம் அங்கே இல்லை. ஒரு கடினமான எழுத்தாளரை ஒரே வரியில் தீர்த்துக்கட்டும் கதை காதில் விழும்போது நமக்கு ஏற்படும் நிம்மதி இருக்கிறதே, இனி அவரைப் படிக்க வேண்டாம் என்ற நிம்மதி, அதுவும் ஒரு லஞ்சம்.

படிக்கிறவர்களின் ஏமாற்றத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கேள்வியின் சிக்கலான பாதி அதுதான். பிரெஞ்சு அறிஞர் டான் ஸ்பெர்பர் 2010ல் 'குரு விளைவு' என்று ஒரு கட்டுரை எழுதினார். பெரியவர் ஒருவர் புரியாமல் பேசினால் நாம் அர்த்தம் தேடிக் கடுமையாக உழைக்கிறோம். உழைத்தால் ஏதாவது கிடைக்கும், நமக்கும் மூளை இருக்கிறது அல்லவா. கிடைத்ததை அவர் கணக்கில் வரவு வைத்துவிட்டு, கிடைக்காததற்கு நம் அறியாமைதான் காரணம் என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கணக்கில் அவர் ஒருபோதும் நஷ்டப்படவே முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் தலையாட்டினால் கேட்கவே வேண்டாம். நம் சிறுபத்திரிகைகளில் 80களிலும் 90களிலும் அமைப்பியல், பின்அமைப்பியல் சண்டைகள் நடந்தபோது இந்த விளைவை நேரடியாகவே பார்த்திருக்கலாம், நல்ல கட்டுரைகளும் வந்தன என்றாலும்.

அரசியல் தத்துவவாதி ஜி. ஏ. கோஹன் இதை உள்ளேயிருந்தே சொல்லியிருக்கிறார். 1960களில் பிரெஞ்சுத் தத்துவவாதி அல்தூஸரின் மார்க்சியத்தில் மூழ்கியவர். பிறகு வெளியே வந்து, இவ்வளவு பாடுபட்டுப் படித்ததாலேயே அதற்கு இல்லாத முக்கியத்துவத்தைக் கொடுத்துவிட்டேன் என்ற பொருளில் எழுதினார். செலவழித்த வருடங்கள் வீண் என்று ஒப்புக்கொள்வதைவிட, அந்த நூல் ஆழமானது என்று நம்புவது மனதுக்குச் சுலபம். அல்தூஸர் தரப்பில் என்ன இருந்தது என்று பார்த்தால், அவர் இறந்தபிறகு 1992ல் வெளியான தன்வரலாற்றில், தான் அதிகாரத்தோடு பேசிய பல தத்துவவாதிகளைத் தான் படித்தது மிகக் கொஞ்சம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். கோஹன் ஒரு சோதனையையும் குறிப்பிடுகிறார்: புரியாத ஒரு வாக்கியத்தை அப்படியே எதிர்மறையாக்கிப் பாருங்கள், 'ஆகும்' என்ற இடத்தில் 'ஆகாது' என்று போடுங்கள், அப்போதும் அதே அளவு ஆழமாக ஒலித்தால் உள்ளே சரக்கு இல்லை. இது நல்ல சோதனைதான், ஆனால் தனி வாக்கியத்தின் மேல் போடக்கூடாது. சூழலிலிருந்து பிய்த்து எடுத்தால் கான்ட்டின் பாதி வாக்கியங்கள் இதில் தோற்றுவிடும். முழு வாதத்தையும் எடுத்துக்கொண்டு, முடிவை மட்டும் மாற்றினால் முன்னால் சொன்ன காரணங்கள் முரண்டுபிடிக்கின்றனவா என்று பாருங்கள்.

கான்ட் பெயர் வந்ததால் சொல்கிறேன், அவரிடம் நாணயத்தின் இன்னொரு அடையாளம் தெரிகிறது. 1781ல் 'தூய அறிவின் விமர்சனம்' வந்தது, அடுத்த வருடமே ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர இதழ் ஒன்றில் ஒரு மோசமான மதிப்புரை வந்தது. கான்ட் கொதித்துப்போனார். ஆனால் கொதித்ததோடு நிற்கவில்லை: 1783ல் அதே விஷயத்தைச் சின்னதாக, வேறு வரிசையில், எளிதாகச் சொல்ல முயன்று ஒரு நூல் எழுதினார், 1787ல் இரண்டாம் பதிப்பில் நூலின் மிகக் கடினமான பகுதியை அடியோடு மாற்றி எழுதினார். சொல்ல வேண்டிய விஷயத்தைத் தன் சொற்களிலிருந்து தனியாகக் கையில் வைத்திருப்பவரால்தான் இப்படிச் செய்ய முடியும். விட்கென்ஸ்டைன் இன்னும் ஒரு படி மேலே போய், தன் முதல் நூலில் கடுமையான பிழைகள் இருப்பதாக இரண்டாம் நூலின் முன்னுரையிலேயே எழுதினார். ஹைடெக்கரும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஓரிடத்தில் பின்வாங்கியிருக்கிறார்: உண்மை பற்றிய கிரேக்கர்களின் புரிதல் பிளேட்டோவிடம் வந்து திரிந்துபோனது என்ற தன் பிரியமான கருத்தை, செவ்வியல் அறிஞர்கள் மறுத்த பிறகு, 1960களில் ஒரு கட்டுரையில் கைவிட்டார். அவரைக் குருவாக மட்டுமே பார்ப்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

மறுப்பவரை எப்படி நடத்துகிறார் என்பதையும் பார்க்கலாம். நம் மரபில் இதற்கு ஒரு முறையே இருந்தது, அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தன் கட்சியைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் என்று ஒரு பகுதி முழுக்க எதிர்க்கட்சிகளைச் சொல்லிச் சொல்லித்தான் மறுக்கிறார். எதிராளி படித்தால் 'ஆமாம், நான் சொல்வது இதைத்தான்' என்று ஒத்துக்கொள்கிற அளவுக்கு அவர் கருத்தைச் சொல்லத் தெரிந்தவரிடம் கொஞ்சம் நம்பி உட்காரலாம். உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை, அதனால்தான் புரியவில்லை என்பது மட்டுமே பதிலாக வந்தால் எழுந்துவிடலாம்.

நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்டால், ஹைடெக்கரில் 14 முதல் 18 வரையிலான பிரிவுகளை மட்டும் முதலில் படியுங்கள், பக்கத்திலேயே 1991ல் ட்ரைஃபஸ் எழுதிய உரைநூலை வைத்துக்கொண்டு. உரைநூல் சொல்வது மூலத்தில் இருக்கிறதா என்று நடுநடுவே சரிபாருங்கள், ட்ரைஃபஸ் தன் சொந்தச் சரக்கையும் கலக்கிறார் என்று ஹைடெக்கர் அறிஞர்களே குறைசொல்வதுண்டு. அப்புறம் 1929 உரையையும் கார்னாப்பின் கட்டுரையையும் ஒரே மூச்சில் படியுங்கள், இரண்டும் சின்னவைதான். இவ்வளவையும் படித்த பிறகு, தத்துவமே படிக்காத ஒரு நண்பருக்கு ஹைடெக்கரின் சொற்கள் எதையும் பயன்படுத்தாமல் பத்து நிமிடம் விளக்கிப் பாருங்கள். அவர் "அது எப்படி, அப்படி இல்லையே" என்று மறுத்துப் பேச ஆரம்பித்தால் மேலே தொடரலாம். "ஆழமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் திரும்ப 15ஆம் பிரிவுக்குப் போங்கள்.